நாற்பத்திரண்டு இருக்கைகளும் ஒரு சான்றிதழும்

மாசி 4, வெள்ளி

வென்றோம்!

ஆலை வாயிலில் இன்று மாலை ஐம்பது மணித்துளி முழங்கினேன். அலுவலகத்துக் குளிரறைக்கு மட்டுமே உரியதாய் இருந்த அருகலை, ஊரார் வாயில் ‘வைஃபை’, இனி உணவுக்கூடத்தில் அமரும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் உண்டு. மூன்று திங்களாக நம் சங்கம் மன்றாடிய கோரிக்கை. “காற்றில் வருவதற்கும் கதவு போட்டவர்களே, அந்தக் கதவு இன்று திறந்தது!” என்றேன். நம் ஆலை செய்யும் நீரிறைப்பு எக்கிகளின் ஆய்வுக்கூடத்துத் தகரக் கூரை கைத்தட்டலில் அதிர்ந்தது.

ஒரே ஒரு கட்டுப்பாடு. ஆலை தரும் பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்றை ஒவ்வொருவரும் தம் கைப்பேசியில் நிறுவிக்கொள்ள வேண்டும். “உங்க நல்லதுக்குத்தாம்மா. வைரஸ் கிரஸ் வராம இருக்க” என்றார் மனிதவள மேலாளர் இரகோத்தமன். கூட்டம் தயங்கியது. சங்கத் தலைவர் காளியண்ணன் மேடையிலேயே என் காதருகே குனிந்தார்.

“ஏனுங்க அம்மிணி, இந்தச் சர்ட்டிபிகேட்டு எதுக்குங்க? பள்ளிக்கோடத்துல கேட்டாங்க, ரேசன் கடையில கேட்டாங்க. இப்பச் செல்லுக்குமா?”

“வென்றவர் ஐயுறக் கூடாது, அண்ணா” என்றேன்.

பிறகு ஒலிவாங்கியைப் பற்றி, ஆலை கொடுத்த தாளைப் பார்த்து, நிறுவும் முறையைப் படிப்படியாக நானே படித்தேன். முந்நூற்றுப் பதினாறு கைப்பேசிகள். என் சொல்லுக்கு முந்நூற்றுப் பதினாறு கட்டைவிரல்கள் ஒருசேர அசைந்தன. சொல்லின் ஆற்றலை இதனினும் கண்கூடாக நான் கண்டதில்லை.

அடுத்த போர் நாற்பத்திரண்டு பெண்களுக்காக. நான் இருபத்தேழு ஆண்டாய்ப் பணிபுரியும் அதே பிரிவில், எக்கிக்குச் செப்புக் கம்பிச் சுருள் சுற்றும் பிரிவில், ஒன்பது ஆண்டாய் ஒப்பந்தக் கூலிகளாகவே உழல்பவர்கள். மாசி முடிவோடு அவர்கள் ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் பணி நிலைப்புப் பெற்றாக வேண்டும். இல்லையேல் பங்குனி முதல் நாள் நாற்பத்திரண்டு இருக்கைகள் வெறுமையாகும்.

மாசி 6, ஞாயிறு

கைப்பேசியைத் தமிழுக்கு மாற்றினேன். மாற்றிய பின்னன்றோ அதன் இழிநிலை தெரிகிறது! திரையின் உச்சியில் அறிவிப்பு ஒன்று வந்து நிற்கிறது: ‘நெட்வொர்க் கண்காணிக்கப்படலாம்’. நெட்வொர்க்காம்! வலையமைப்பு என்னும் சொல் என்ன, ஊரை விட்டு ஓடிப்போயிற்றா? விரலால் ஒதுக்கினேன். மறுநொடியே வந்து அமர்கிறது, அழையா விருந்தாளியாய்.

கைப்பேசி செய்யும் குழுமத்துக்கு ஏழு திருத்தங்களோடு மடல் விடுத்தேன். இந்த அறிவிப்பே முதல் திருத்தம்.

மாவரைத்தேன். உளுந்து சரியாகப் பொங்கவில்லை.

மாசி 10, வியாழன்

உணவு இடைவேளையில், அருகலையின் துணையால், பேச்சுவார்த்தைக்கான உரையைக் கைப்பேசியின் உலாவியிலேயே, என் மின்னஞ்சல் பெட்டிக்குள் எழுதி முடித்தேன். கோப்புகள் நொடியில் திறக்கின்றன. தயிர்ச் சோறு முடியுமுன் உரை முடிந்தது.

உரையின் உச்சி இது: ‘ஒன்பது ஆண்டு கிணற்றுக்குள்ளேயே கிடக்கும் எக்கியை எவரேனும் விருந்தாளி என்பாரா? ஒன்பது ஆண்டு ஒரே இருக்கையில் அமர்ந்தவளை ஒப்பந்தக்காரி என்பதெப்படி?’ எழுதியதும் எனக்கே மெய் சிலிர்த்தது. படித்துப் பார்க்கக் காளியண்ணன் ஒருவருக்கு மட்டும் அனுப்பினேன்.

இன்னோர் உவமையும் உண்டு. அது வீடு வந்து தாளிக்கும்போது தோன்றியது. ஆகவே இத்தாளில் மட்டும் குறிக்கிறேன்: எக்கி ஓடும்வரை எவரும் சுருளை நினைப்பதில்லை. அது கருகிய அன்றுதான் சுற்றியவள் யார் என்று கேட்பர். இதைப் பிறகொரு நாளுக்கு வைத்துக்கொள்கிறேன்.

மாசி 14, திங்கள்

முதல் சுற்றுப் பேச்சு. ஆலையின் கூட்ட அறை. நான் வாய் திறக்குமுன் இரகோத்தமன் முறுவலித்தார்.

“கிணத்துக்குள்ள ஒம்பது வருஷம் கெடந்த பம்ப்புன்னாலும், தேவையில்லைன்னா வெளிய எடுத்துத்தானம்மா ஆகணும்? விருந்தாளியா இல்லையாங்கறது பேச்சே இல்லை.”

என் உவமை. என் கிணறு. என் எக்கி. என் வாயிலிருந்து இன்னும் பிறவாத குழந்தையை அவர் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

முப்பது ஆண்டு மேடை வாழ்வில் முதன்முறையாக நாத் தடுமாறினேன். இல்லை, தடுமாறவில்லை. நீர் பருகினேன். இரண்டு குவளை.

மாசி 15, செவ்வாய்

அந்த உரையைக் கண்டவர் இவ்வுலகில் இருவர். ஒருத்தி நான்.

தைத் திங்களில் காளியண்ணனின் மருமகனுக்கு ஆலைக் கிடங்கில் வேலை கிடைத்தது. அன்று அதை நான் வாழ்த்தினேன்.

மாசி 18, வெள்ளி

செயற்குழுக் கூட்டம். பொதுச்செயலாளர் என்ற முறையில் என் கடமையைச் செய்தேன். “கோட்டையை வெளியிலிருந்து உடைத்தவர் குறைவு, உள்ளிருந்து திறந்துவிட்டவரே மிகுதி” என்று தொடங்கினேன். பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை, பதினொரு தலைகளும் ஒரு பக்கமே திரும்பின.

காளியண்ணன் மெல்ல எழுந்தார்.

“என்னையத்தான் சொல்றீங்களா, அம்மிணி?”

“ஐயம் எவர் மேல் விழுகிறதோ அவர் விளக்கட்டும்.”

“வெளக்கறதுக்கு என்னுங்க இருக்குது? நீங்க அனுப்புனீங்க, படிச்சேன். நல்லாருக்குதுன்னு ஊட்டுக்காரிகிட்டச் சொன்னேன். அவளுக்குக் காது கேக்காது.” சங்க அலுவலகத்தின் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். “நீங்க பேசிட்டா அப்பறம் இங்க யாரு பேச்சுங்க எடுபடும்?”

அவர் சென்ற பிறகும் நெடுநேரம் பேசினேன். உரை சிறப்பாக அமைந்தது என்று இருவர் சொன்னார்கள். மற்றவர்கள் நாற்காலிகளை மடக்கத் தொடங்கினார்கள்.

மாசி 20, ஞாயிறு

வெயில் மிகுதி. சாவி என் பையில் இருக்கிறது.

மாசி 21, திங்கள்

இரண்டாம் சுற்று. இம்முறை எவருக்கும் எதையும் அனுப்பவில்லை. அந்த நாற்பத்திரண்டு பேரில் சான்று சொல்ல நான் அழைக்கவிருந்த மூன்று பெண்களின் பெயர்களை, கடந்த வியாழனன்று உணவுக்கூடத்தில் அமர்ந்து, என் அஞ்சல் பெட்டியின் வரைவில் மட்டும் குறித்து வைத்திருந்தேன். அந்த மூவரிடமே இன்னும் சொல்லவில்லை.

காலையில் வந்து பார்த்தால் மூவரும் சூலூர்க் கிளைக்கு மாற்றப்பட்டிருந்தனர். மூவரில் ஒருத்தி தமயந்தி. கைப்பையோடு வாயிலில் நின்றாள். “நங்கையக்கா, நான் என்னக்கா பண்ணுனேன்? எம் பேரு எப்படிக்கா போச்சு?” என்றாள். அவள் கைப்பையை வாங்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை உடன் நடந்தேன்.

பேச்சின்போது இரகோத்தமன் என் ஒவ்வொரு வாதத்துக்கும் மறுப்பை முன்பே தட்டச்சிட்டு வைத்திருந்தார். ஒன்றே ஒன்று தப்பியது. சீற்றத்தில் அந்தச் சுருள் உவமையை எடுத்து வீசினேன்; கருகிய அன்றுதான் சுற்றியவள் பெயர் கேட்பர் என்றேன். அவர் தாள்களைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார். அங்கே அதற்கு மறுப்பு இல்லை. ஆயினும் பேச்சு முறிந்தது; அடுத்த அமர்வு வரும் திங்களன்று, தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்.

காளியண்ணனுக்கு இம்முறை ஒரு சொல்லும் அனுப்பவில்லை என்பதைக் குறித்து வைக்கிறேன். குறித்து மட்டும் வைக்கிறேன்.

மாசி 22, செவ்வாய்

விடுப்பு எடுத்தேன். இந்நாட்குறிப்பை முதலிலிருந்து படித்தேன். உணவுக்கூடத்தில் கைப்பேசியில் எழுதியவை எல்லாம் பகைவர் கையில். வீட்டில் இத்தாளில் எழுதியது மட்டும் என் கையில்.

கைப்பேசியை எடுத்துக்கொண்டு கணபதி பேருந்து நிறுத்தத்துப் பாத்திமுத்துவிடம் போனேன். பதினெட்டு ஆண்டாய்க் கைப்பேசி பழுது பார்ப்பவள். என் கூட்டங்களுக்கு வருவாள், ஆனால் கைதட்ட மாட்டாள். திரையைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

“இது எத்தனை நாளா நிக்குது?”

“எது?”

“மேல. நெட்வொர்க் கண்காணிக்கப்படலாம்னு.”

“அந்தப் பிழையா? மூன்று வாரம் இருக்கும். வலையமைப்பு என்று திருத்தும்படி எழுதியிருக்கிறேன்.”

பாத்திமுத்து கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள். “அக்கா, ‘உன்னைய ஒருத்தன் பாக்கறான், பாக்கறான்’னு மூணு வாரமா இந்த போன் கத்திட்டே இருந்திருக்குது. நீங்க அதுக்குத் தமிழ் திருத்திட்டு இருந்திருக்கீங்க.”

பிறகு விளக்கினாள். எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். நாம் உலாவியில் எழுதுவதெல்லாம் அரக்கு முத்திரையிட்ட உறையில் போகும் மடல் போன்றவை. அந்த உறை நடுவே பிரிக்கப்பட்டால் கைப்பேசி முத்திரையைப் பார்த்தே கண்டுகொண்டு தடுத்துவிடும். ஆனால் ஆலையின் சான்றிதழை நிறுவியதன் மூலம், ‘ஆலையின் முத்திரையும் நம்பத்தக்கதே’ என்று நாமே கைப்பேசிக்கு ஆணையிட்டுவிட்டோம். ஆகவே ஆலை தன் அருகலை வழியாகப் போகும் உறையைப் பிரிக்கிறது, படிக்கிறது, தன் முத்திரையிட்டு ஒட்டி அனுப்புகிறது. கைப்பேசி வணக்கம் வைத்து வழிவிடுகிறது.

“வாட்சப்புல எழுதியிருந்தீங்கன்னா இவுங்களால படிச்சிருக்க முடியாது.”

“அங்கே எவரும் முழு வாக்கியம் எழுதுவதில்லை, பாத்திமுத்து.”

“அது சரி.” சிரித்தாள். கைப்பேசிக்குள் எங்கெங்கோ நுழைந்து ஒரு பட்டியலைக் காட்டினாள். உலகறிந்த முத்திரைகள் ஒரு பக்கம். ‘பயனர்’ என்ற தலைப்பின்கீழ் ஒன்றே ஒன்று தனியாக. நம் ஆலையின் பெயர். “எடுத்துரட்டுங்களா? ஒரு தட்டுதான்.”

விரலைத் திரை வரை கொண்டுபோய் நிறுத்தினேன். “வேண்டாம். இருக்கட்டும்” என்றேன்.

“யாருக்கா இதைய எல்லாரையும் போடச் சொன்னது?”

கடையிலிருந்து வீட்டுக்கு மூன்று நிறுத்தம். நடந்தே வந்தேன். பேருந்து வரவில்லை என்று எழுதலாம். வந்தது.

மாசி 24, வியாழன்

சாவியை எடுத்துக்கொண்டு, பணி முடிந்ததும் சரவணம்பட்டிக்கு அப்பால் காளியண்ணன் வீட்டுக்குப் போனேன். கொட்டகையில் ஆட்டுக்கிடாவுக்கு அகத்திக்கீரை கட்டிக்கொண்டிருந்தார். வழி முழுதும் ஆயத்தம் செய்த மன்னிப்புரை என்னிடம் இருந்தது. மூன்று பகுதி, ஒரு முடிப்பு. அவர் முகத்தைப் பார்த்ததும் அது எங்கோ போயிற்று.

“அண்ணா, நான் தவறு செய்துவிட்டேன்.”

“ஒக்காருங்க அம்மிணி. அந்தப் பக்கம் வேண்டாம், முட்டிப்போடும்.”

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கீரைக்கட்டை இறுக்கி முடித்தார். பிறகு, “அந்தச் சர்ட்டிபிகேட்டு எதுக்குன்னு நான் அன்னைக்கே கேட்டனுங்க” என்றார்.

“கேட்டீர்கள்.”

“வென்றவர் ஐயுறக் கூடாதுன்னீங்க.”

“சொன்னேன்.”

“நல்லாத்தான் இருந்துச்சு கேக்கறதுக்கு.” சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் காண நான் பதினொரு நிறுத்தம் நின்றுகொண்டு வந்தது தகும். சாவியை அவர் கையில் வைத்தேன். இடுப்பில் செருகிக்கொண்டு, “ஏன் அழிக்கலீங்க அதைய?” என்று கேட்டார்.

“அவர்கள் படிக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும், அண்ணா. நமக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் விரும்பிப் படிக்கும்படி ஒன்றை எழுதப் போகிறேன். இல்லாத ஏடு ஒன்று. அதை எழுதிய இல்லாத மேற்பார்வையாளர் ஒருவர். அவருக்கொரு பெயர்தான் வேண்டும்.”

காளியண்ணன் கிடாவின் கழுத்தைத் தடவினார். “அங்கமுத்துன்னு வெச்சுக்கோங்க. இவம் பேருதான்.”

மாசி 25, வெள்ளி

உணவுக்கூடம். தக்காளிச் சோறு. ஆலையின் அருகலை. உலாவியில், எவருக்கும் அனுப்பாத வரைவில், என் வாழ்நாளின் சிறந்த கற்பனையைப் படைத்தேன்: ‘நாற்பத்திரண்டு பெண்களும் முதல் நாளிலிருந்தே நிலைப்பணியாளர் செய்யும் வேலையையே செய்தனர் என்பதற்கு, முன்னாள் மேற்பார்வையாளர் அங்கமுத்து கைப்பட எழுதிய சிவப்பு அட்டை ஏடு நம் வசம் உள்ளது. திங்களன்று சமரச அலுவலர் முன் அதை வைப்போம்.’ அங்கமுத்துவின் நேர்மையைப் பற்றி இரண்டு வரி கூடுதலாகவே எழுதிவிட்டேன். மனம் கேட்கவில்லை.

உச்சியில் அறிவிப்பு நின்றது. இன்று அதை ஒதுக்கவில்லை. நிற்கட்டும், அதுதான் என் உண்மையான தோழன்.

மாசி 28, திங்கள்

முரசே முழங்கு! விரிவாக எழுதுகிறேன்.

தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் ஓர் அம்மையார், சொற்செட்டு மிக்கவர். எங்கள் பக்கம் நானும் காளியண்ணனும், வெளியே தாழ்வாரத்தில் நாற்பத்திரண்டு பெண்களும். எதிரே இரகோத்தமனும் அவருடைய வழக்கறிஞரும்.

“சங்கம் ஆரம்பிக்கலாம்” என்றார் அம்மையார்.

“நிருவாகமே முதலில் பேசட்டும், அம்மா” என்றேன். என்னை அறிந்த எவரும் திடுக்கிட்டிருப்பர். மேடை கிடைத்தும் விட்டுக்கொடுத்தது என் வாழ்வில் அதுவே முதல் முறை.

இரகோத்தமன் மகிழ்வோடு எழுத்து வடிவில் அறிக்கையை நீட்டினார். அம்மையார் படித்தார். புருவம் உயர்ந்தது.

“‘அங்கமுத்து என்பவர் எழுதியதாகச் சங்கம் காட்டவிருக்கும் சிவப்பு அட்டை ஏடு நம்பத்தக்கதல்ல. அன்னார் ஒழுங்கீனத்துக்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டவர்.’ எந்த ஏடு? இவங்க இன்னும் ஒண்ணுமே சொல்லலையே?”

நான் நீர் பருகினேன். இம்முறை நா வறண்டு அன்று, சுவைத்துப் பருகினேன்.

“ஐயா, அங்கமுத்துவை எந்த ஆண்டில் நீக்கினீர்கள்?”

“அது... ரெண்டாயிரத்துப் பதினாலுன்னு நினைக்கிறேன். பைல்ல இருக்கு.”

“ஏனுங்க சார்,” என்றார் காளியண்ணன், மிகுந்த பணிவோடு, “அது போன ஆடியிலதானுங்க பொறந்துச்சு.”

“எது பொறந்துச்சு?” என்றார் அம்மையார்.

“அங்கமுத்துங்க. எங்கூட்டு ஆட்டுக்கெடா. ஒழுங்கீனம்னா ஒத்துக்கறனுங்க. ரெண்டு தடவ வேலி தாண்டியிருக்குது. ஆனா வேலைய விட்டு யாரும் நீக்கலீங்க.”

தாழ்வாரத்தில் கதவருகே நின்ற தமயந்திதான் முதலில் சிரித்திருக்க வேண்டும். பிறகு நாற்பத்திரண்டும்.

நான் எழுந்தேன். “அம்மா, அப்படி ஓர் ஏடு இல்லை. அப்படி ஒரு மனிதரும் இல்லை. அந்தப் பெயர் இவ்வுலகில் ஒரே இடத்தில்தான் எழுதப்பட்டது: என் கைப்பேசியில், எவருக்கும் அனுப்பாத வரைவில், ஆலையின் அருகலையில். இல்லாத ஏட்டுக்கு மறுப்பு எங்கிருந்து வந்தது?” கைப்பேசியை அவர் மேசைமேல் வைத்தேன். உச்சியில் நின்ற அறிவிப்பைக் காட்டினேன். பட்டியலைத் திறந்து, தனித்து நின்ற அந்த ஒற்றைச் சான்றிதழில் ஆலையின் பெயரைக் காட்டினேன். “இதே சான்றிதழ் முந்நூற்றுப் பதினாறு கைப்பேசிகளில் இருக்கிறது. சான்றுக்கு நான் குறித்த மூவரின் பெயரும் இவ்வழியேதான் கசிந்தது. நான்காம் நாளே அவர்களுக்கு இடமாற்றம் வந்தது.”

வழக்கறிஞர் இரகோத்தமனைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கே இது செய்தி என்பது தெரிந்தது. நாற்காலியைச் சற்றே நகர்த்திக்கொண்டார்.

அம்மையார் பேனாவைத் திறந்தார். “நடந்ததை எல்லாம் நான் குறிப்புல எழுதறேன். நாலு மணிக்கு மறுபடி உக்காருவோம். அதுக்குள்ள நிருவாகம் நல்லா யோசிச்சுட்டு வரட்டும்.”

நான்கு மணிக்கு அவர்கள் உவமை எதுவும் கொண்டுவரவில்லை. ஒப்பந்த வரைவு கொண்டுவந்தார்கள்.

பங்குனி 1, வியாழன்

கையெழுத்தாயிற்று. நாற்பத்திரண்டு பேருக்கும் பணி நிலைப்பு. சூலூர் சென்ற மூவரும் திரும்பினர். இன்று காலை சுருள் பிரிவில் ஓர் இருக்கையும் வெறுமையாக இல்லை. எண்ணிப் பார்த்தேன், பிறகு இன்னொரு முறை எண்ணினேன், வெறும் மகிழ்ச்சிக்காக.

பங்குனி 2, வெள்ளி

வாயிற்கூட்டம். காளியண்ணன் தலைமை. என்னை அழைக்கும்போது, “இன்னைக்கு அம்மிணி கொஞ்சமாப் பேசறேன்னு சொல்லியிருக்காங்க. நம்பறவங்க நம்பலாம்” என்றார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொன்னேன். “இதே இடத்தில், இதே ஒலிவாங்கியில், உங்கள் கைப்பேசிக்குள் ஒற்றனை அழைத்து வந்தவள் நான். கேள்வி கேட்ட ஒரே மனிதரின் வாயை அடைத்தவளும் நான். அவரையே காட்டிக்கொடுத்தவர் என்றும் சொன்னேன். அண்ணா, இத்தனை பேர் அறியப் பழித்தேன். இத்தனை பேர் அறிய மன்னிப்புக் கேட்கிறேன்.” காளியண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, “அட உடுங்க அம்மிணி” என்றது ஒலிவாங்கியில் தெளிவாகக் கேட்டது.

“இப்போது கைப்பேசியை எடுங்கள். ‘அமைப்புகள்’ என்பதைத் திறவுங்கள்.”

முந்நூற்றுப் பதினாறு தலைகள் குனிந்தன. பாதிக் கூட்டம் விழித்தது.

“அக்கா, என்னோடதுல அப்படி ஒண்ணுமே இல்லீங்க!”

“எனக்கு இங்கிலீசுல இருக்குதுங்க்கா!”

முப்பது ஆண்டு. ஆயிரம் மேடை. ஒரு பிறமொழிச் சொல்லும் என் நாவைத் தீண்டியதில்லை. கீழே முதல் வரிசையில் பாத்திமுத்து கைகட்டி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் தமயந்தி, கட்டைவிரலைத் திரைமேல் நிறுத்தி, என் அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தாள்.

“செட்டிங்ஸ்!” என்று முழங்கினேன். “செக்யூரிட்டி! அதற்குள் ட்ரஸ்டட் கிரெடென்ஷியல்ஸ்! யூசர்! அங்கே ஒரே ஒரு பெயர் இருக்கும். யாருடைய பெயர்?”

ஆலையின் பெயரைக் கூட்டம் உறுமியது.

“ரிமூவ்!”

வரிசை வரிசையாகக் கைகள் உயர்ந்தன. காணாதவர்க்குக் கண்டவர் காட்டிக்கொடுத்தார். அவர் பின்னவர்க்குக் காட்டினார். கடைசிக் கை உயர்ந்தபோது தகரக் கூரை அதிர்ந்தது. பாத்திமுத்து கை தட்டினாள். மொத்தம் பதினொரு மணித்துளி. என் வாழ்வின் மிகக் குறுகிய உரை. அதில் ஓர் உவமையும் இல்லை.

வீடு வந்து மாவரைத்தேன். உளுந்து பொங்கி வழிந்தது. கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். திரையின் உச்சி வெறுமையாய் இருந்தது. திருத்துவதற்கு ஒன்றுமில்லை.